ஆரஞ்சுக் கோட்டு

"குறுக்க நடடா, வண்டி தானா நிக்கும்!" என்று மேனேஜர் வைத்திலிங்கம் யார்டுத் தொழிலாளி பிச்சக்கண்ணுவைப் பார்த்துக் கத்தினார். துறைமுக யார்டில் டிரைவர் இல்லாத லாரி உறுமிக்கொண்டிருந்தது. விசாரிக்க வந்த இன்சூரன்ஸ் ஆட்கள் ஓரமாக நின்றார்கள்.

போன வாரம் இதே லாரி, அவனோடு வேலை பார்க்கும் ஜேசுவடியானின் காலை நசுக்கிவிட்டது. வண்டி ஆளைக் கண்டால் நின்றுவிடும், தப்பு ஜேசுவடியான்மேல்தான் என்று கம்பெனி சொன்னது. அதைக் காட்டத்தான் இன்று பிச்சக்கண்ணு நடக்க வேண்டும். வெளிச்சத்தில் பளிச்சென்று மின்னும் ஆரஞ்சுக் கோட்டு இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். விபத்து நடந்த அன்றைக்கு அதைப் போட்டிருந்தது பிச்சக்கண்ணு.

இப்போது அதைக் கழற்றினான்.

"ஏய், போடுறா அதை!"

"ஏன் சார்? மெஷின் ஆளைப் பாக்குதா, கோட்டைப் பாக்குதா?"

"ஆளைத்தான். எந்த ஆளா இருந்தாலும் நிக்கும்."

"அப்ப நீங்களும் வாங்க சார். கோட்டு இல்லாம ரெண்டு பேருமா நடப்போம்."

மேனேஜர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். இன்சூரன்ஸ் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் மட்டும் ஜேசுவடியானுக்குக் கால் முளைக்குமா?

"கோட்டைப் போட்டுட்டு நட," என்றார் மேனேஜர், குரல் இறங்கி.

பிச்சக்கண்ணு போடவும் இல்லை, நடக்கவும் இல்லை.