ரௌட்டர் வாயை மூடிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில் கம்பிக்குள் ஓடும் பொட்டலங்கள் வாய் திறந்து பேசின. படமோ, பாட்டோ, பேச்சோ, எதுவானாலும் துண்டு துண்டாகப் பொட்டலம் கட்டித்தான் அனுப்புவார்கள். வழியில் நின்று அவற்றைத் திசை பார்த்து அனுப்பும் ரௌட்டரோ சரியான வாயாடி. "வா கண்ணு, எந்த ஊரு? சாப்பிட்டியா?" என்று ஒவ்வொன்றையும் விசாரித்துத்தான் விடும். அதெல்லாம் ஒரு காலம்.

நொடிக்கு இவ்வளவுதான் விட வேண்டும் என்று கம்பிக்காரர்கள் அளவு வைத்திருந்தார்கள். ரௌட்டருக்கு அது காதில் ஏறவில்லை. வந்தவர்களைப் போ என்று சொல்ல மனசு வராது. அளவுக்கு மேல் வந்தவர்களையும் முற்றத்தில் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் ஒரு முழு சினிமா திரண்டு வந்து முற்றத்தை அடைத்தது. அந்த நேரம் பார்த்து மஸ்கட்டிலிருந்து செல்லமுத்து, பல வருடமாகப் பேசாமல் இருந்த தம்பி நாச்சிமுத்துவுக்குப் போன் செய்தார். தம்பி எடுத்துவிட்டான். அண்ணன் பதறிப்போய்ச் சொன்னார்: "போனை வெச்சுப்போடாத."

"போனை", "வெச்சுப்", "போடா" மூன்றும் முந்தி ஓடிவிட்டன. கடைசியில் வந்த சின்னஞ்சிறு "த" கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

"அவசரமுங்க, என்னை விடுங்க" என்று கெஞ்சியது.

"இரு சாமி, இவங்களும் நம்மளை நம்பி வந்தவங்கதானே" என்றது ரௌட்டர்.

தம்பியின் காதில் விழுந்தது "போனை வெச்சுப்போடா" மட்டும்தான். வைத்துவிட்டான்.

"த" போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. அது திரும்பி வந்து அழுதது.

அதைப் பார்த்த ரௌட்டர் உடனே ஒரு வாளியை எடுத்து வாசலில் வைத்தது. கம்பிக்காரர்கள் சொன்ன அளவில் அதில் டோக்கன்கள் விழுந்துகொண்டிருக்கும். முதல் டோக்கன் பேச்சுக்கு. டோக்கன் கிடைத்தவர் போகலாம், கிடைக்காதவரை வாசலிலேயே உதறிவிடும். உதறியதை அனுப்பினவர்கள் மறுபடி, கொஞ்சம் மெதுவாக, அனுப்பிக்கொள்வார்கள். யாருக்கும் காரணம் சொல்வதில்லை. சொல்ல நின்றால் பின்னால் ஒரு "த" காத்திருக்குமே.

செல்லமுத்து மனசு கேட்காமல் மறுபடி அழைத்து அதையே சொன்னார். இந்த முறை "த" நேராக ஓடியது.

"வெக்கலீங்ணா, சொல்லுங்க" என்றான் தம்பி.

பழையபடி வாய் நிறையப் பேச ரௌட்டருக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, ஓடிவந்த "த"வைப் பார்த்துத் தன் பச்சை விளக்குக் கண்ணை மட்டும் சிமிட்டியது.

அன்று முதல்தான் ரௌட்டர் யாரிடமும் ஊர் பேர் கேட்பதில்லை. போகிறவர் வருகிறவரை எல்லாம் பார்த்து, அந்தப் பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது.