ஜெசிந்தாவுக்கு ஏறாத ஜாக்கெட்

ஒரு ஊர்ல ஒரு ஜாக்கெட் இருந்துச்சாம். ராசா ராணியெல்லாம் இல்ல, ஜாக்கெட்டுதான். சிரிக்காம கேளு. கடக்கரை ஊரு அது. அங்க ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு, அம்மா இல்லாத பொண்ணு. அவ அம்மா கல்யாணத்துக்குப் போட்ட ஜாக்கெட் அது. அதுக்கும் முந்தின காலத்துல அந்த ஊருப் பொண்ணுங்க கலர்ப் பட்டு கட்டித்தான் மாதா கோயிலுக்குப் போவாங்களாம். அம்மா காலத்துலதான் வெள்ளைச் சேலை, புஸ்ஸுனு உப்புன பஃப் கை, தலையில பூமுடி, பின்னாடி தரையைப் பெருக்குற நெட்டு, அதான் வலைத்துணி முக்காடு. இப்போ டவுன்ல கவுனே வாடகைக்குக் கிடைக்குது. ஆனா ஜெசிந்தா, தன் கல்யாணம் வந்தப்போ, "எங்கம்மா ஜாக்கெட்டப் போட்டுத்தான் கோயில் படி ஏறுவேன்"னு நின்னுட்டா. ம் சொல்லு.

அப்புறம் போட்டுப் பாத்தா. முழங்கைக்கு மேல ஏறல. பின்ன? தெனமும் மீன்கூடை தூக்குற கை, முருங்கக்காய் மாதிரியா இருக்கும்?

அப்போ அவ அத்தை செலின் பவுடரைக் கொட்டி இழுத்தா பாரு, டர்ர்ர்! ரெண்டு கையும் அக்குள்லேருந்து கிழிஞ்சு போச்சு. அத்தை அழுதுட்டா. "கவுனே எடுத்துருவோம்டி"ன்னா.

"என் கை சின்னதாகாது அத்தை. ஜாக்கெட்டுதான் பெருசாகணும்"னா ஜெசிந்தா.

அப்புறம் கடையில புது வெள்ளைத்துணி வாங்கி ஒட்டுப் போட்டா. பழைய துணி பாலாடை நிறம். புதுசு பளீர்னு, பொய்ப்பல்லு கட்டுன மாதிரி தெரிஞ்சுது. பிரிச்சுப் போட்டா. அன்னிக்கு அவளுக்கும் அழுகை வந்துச்சு. அழுதுகிட்டே அம்மா பெட்டியைக் கிளறினா. உள்ள அம்மாவோட நெட்டு. அத்தனை வருஷம் ஜாக்கெட்டோட ஒரே பெட்டியில கிடந்து, அதுவும் அதே பாலாடை நிறமா ஆயிருந்துச்சு.

கத்திரியை எடுத்தா. அத்தை கையைப் பிடிச்சுக்கிட்டா. "நெட்டு தரையைத் தொடலன்னா ஊரு சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும் அத்தை."

கறுக், கறுக், கறுக். நெட்டை நாலா மடிச்சு, கிழிஞ்ச எடத்துல வச்சுத் தைச்சா. அப்போ கை சர்ர்னு ஏறிருச்சு. ம்? முழிச்சிருக்கியா?

அப்புறம் கல்யாணத்தன்னிக்கு, நெட்டு அவ தோளோட நின்னுருச்சு. பொம்பளைங்க குசுகுசுன்னாங்க. கோயில் வாசல்ல அவ அப்பா சூசை அந்த ஜாக்கெட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு. அம்மா பொருளை வெட்டுனதுக்குத் திட்டுவாரோன்னு ஜெசிந்தா கையை ஒடுக்கி ஒட்டை மறைச்சுக்கிட்டா.

"நீ பொறந்த பிறகு உங்கம்மாவும் கூடை தூக்கப் போனா. அப்புறம் அவளுக்கும் இது ஏறல. போடணும்னு ஆசையாத்தான் இருந்தா. வெட்டத்தான் மனசு வரல"ன்னாரு அப்பா. "நல்ல காரியம் பண்ணுன. வா."

ஜெசிந்தா அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு மளமளன்னு படி ஏறிட்டா. அவ ஏறியாச்சு, கதை இறங்கியாச்சு. நீ கண்ணை மூடு.