இறக்கத்தில் ஒரு பிரேக் சோதனை

"என் வண்டியில வேற ஒருத்தரும் ஏறப்பிடாது, கேட்டியா? ஆனா பிரேக் கச்சிதமா இருக்கணும்" என்றார் கான்ட்ராக்டர் தாணுலிங்கம்.

மெக்கானிக் ஜெபராணி எத்தனையோ எலக்ட்ரிக் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியவள். ஒன்றிலாவது ஏறிக் கடற்கரைக்குப் போக ஏங்கிக் கிடப்பவள். அவருடைய சைக்கிளின் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, தேய்ந்த பிரேக் கட்டைகளை மாற்றி, கேபிளை இறுக்கினாள். பேட்டரியை மறுபடி மாட்டினாள்.

"புதுக் கட்டை சார், ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும். கடை வாசல்லேருந்து கடல்வரை இறக்கந்தான். நீங்களே விட்டுப் பாருங்க. பிடிக்கலன்னாலும் பயமில்ல, கீழே கல்சுவர் இருக்கு."

தாணுலிங்கம் இறக்கத்தைப் பார்த்து ஓரடி பின்னால் நகர்ந்தார். "நீயே போயிட்டு வா."

உப்புக்காற்று முகத்தில் அடிக்க இறங்கினாள். சுவருக்குச் சற்று முன்னாலேயே வண்டி நின்றது. அலையைப் பார்த்தபடி அவளும் நின்றாள். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினாள்.

"பிடிக்குதா?"

"இறக்கத்துல பிடிக்குது சார். கடற்கரை ரோட்டுலதான் இன்னும் பார்க்கல."