கம்பு நட்ட அணிலும் கணக்கில்லாமல் ஏற்ற எருமையும்

ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு மருத மரம். அந்த மரத்தில் துடுக்கி என்று ஓர் அணில் இருந்தாள். அவளுக்கு நியாயம் என்றால் உயிர். யாருக்காவது அநியாயம் நடந்தால் அவளுடைய வால் விறைத்து நின்றுவிடும். யாருக்கும் நடக்கவில்லை என்றால், நடந்திருக்கலாமே என்று தேடிக்கொண்டு போவாள். காற்று அடித்தால் காற்றோடு வாதாடுவாள். காய் விழுந்தால், ஏன் என்னைக் கேட்காமல் விழுந்தாய் என்று காயைக் கேட்பாள்.

ஆற்றின் நடுவில் ஒரு திட்டு. துடுக்கியின் அக்கா கல்யாணமாகி அங்கே போயிருந்தாள். இப்போது அவளுக்கு நாலு குட்டிகள். திட்டில் இருந்த மூன்றே மரங்களையும் குரங்குக் கூட்டம் வந்து மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தது. மேற்கே மலையில் மழை பிடித்துவிட்டது. இன்னும் இரண்டு மூன்று நாளில் வெள்ளம் வந்துவிடும். வந்துவிட்டால் இரண்டு மாதத்துக்கு அக்கரையும் கிடையாது, இக்கரையும் கிடையாது. அதற்குள் ஒரு மூட்டை புளியங்கொட்டையும் இலந்தைக் கொட்டையும் திட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த நாலு குட்டிகளும் மழைக்காலத்தைத் தாண்டாது.

திட்டுக்குச் சுமை கொண்டுபோகிறவன் கரியன் என்ற எருமை. அவன் முதுகில் பத்து மூட்டை ஏறும். ஓர் ஆமையும் போய் வரும். அதன் ஓட்டில் இரண்டு மூட்டைதான். துறையில் ஒரு வழக்கம் உண்டு. நாளைக்கு மூட்டை அனுப்ப வேண்டுமானால் இன்றைக்கே வந்து சேற்றில் ஒரு கம்பு நட வேண்டும். கம்பு ஒன்று, மூட்டை ஒன்று. மறுநாள் மூட்டையோடு வந்ததும் தன் கம்பைத் தானே பிடுங்கிக்கொள்ள வேண்டும்.

அன்று காலை துடுக்கி மூட்டையை இழுத்துக்கொண்டு துறைக்கு வந்தாள். கரியனின் முதுகில் கோபுரம் மாதிரி மூட்டைகள் ஏறியிருந்தன. கீழே மூன்று மூட்டைகள் அனாதையாகக் கிடந்தன.

"என் மூட்டையை ஏத்துங்க அண்ணே!"

"இடமில்ல."

"இடமில்லையா? நான் நேத்தே கம்பு நட்டேன்!"

"நட்ட. உன்னோட சேத்து இருபது கம்பு."

"பத்து மூட்டைதானே ஏறும்? இருபது கம்பு எதுக்கு நட விட்டீங்க?"

கரியன் அசை போட்டுக்கொண்டே சொன்னான்: "நட்டவன் எல்லாம் வர்றானா? முந்தாநாள் நாலு மூட்டையோட போனேன். நேத்து மூணு. காலி முதுகோட நீந்திப் பாரு, அப்பத் தெரியும். அதான் இருபது நட விட்டேன். இன்னைக்குன்னு பாத்து பதினாலு பேரு வந்துட்டீங்க. நான் என்ன பண்ண?"

"இது அநியாயம்! வாக்குக் கொடுத்துட்டு ஏமாத்துறது! உங்களை நம்பி ஒரு குடும்பமே..."

எருமை மேல் மழை பெய்த மாதிரிதான். அவள் பேசப் பேச அவன் காதைக்கூட ஆட்டாமல் தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டான்.

துடுக்கி ஆமையிடம் ஓடினாள். அங்கேயும் அவள் இரண்டு கம்பு நட்டிருந்தாள். ஆமை அப்போதுதான் வெறும் ஓட்டோடு கரையேறிக்கொண்டிருந்தது.

"உனக்காக வெயில் ஏறுற வரைக்கும் நின்னேன், பொண்ணு. நீ வரல. சும்மாவே போயிட்டு வர்றேன். இன்னைக்கு இனி முடியாது."

துடுக்கிக்கு ஒரு நொடி என்னவோ போல் இருந்தது. எருமை வரிசையிலும் அவள் மூன்று நாளாக ஒன்றுக்கு மூன்றாகத்தான் நட்டிருந்தாள்; முதல் இரண்டு நாள் மூட்டையோடு வரவும் இல்லை. ஒன்று போனால் ஒன்று இருக்கட்டுமே என்று. ஆனால் அது வேறு விஷயம். அது முன்யோசனை. கரியன் செய்தது துரோகம். இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறவர்களுக்குத் தர்க்கம் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் அவள் கூட்டம் போட்டாள். கீரி வந்தது, முயல்கள் வந்தன, முள்ளம்பன்றி வந்தது, ஆமை வந்தது. கரியனும் வந்து ஓரமாகப் படுத்தான். துடுக்கி ஒரு கல் மேல் ஏறி நின்றாள்.

"தோழர்களே! இந்தத் துறையில் பொய் பேசுபவர்கள் இருக்கிறார்கள்! கம்பு நட்டுவிட்டு வராதவர்களால்தான் இருபது நட விட்டேன் என்கிறார் கரியன் அண்ணன். சரி! அந்த வராத பேர்வழிகள் யார்? சேற்றில் பிடுங்காமல் நிற்கும் கம்புகளைக் கொண்டுவாருங்கள்! ஒவ்வொன்றாகப் பாருங்கள்! அவர்கள் முகத்திரை கிழியட்டும்!"

எல்லோரும் கை தட்டினார்கள். துடுக்கியின் வால் வானத்தைத் தொட்டது.

முள்ளம்பன்றி போய் இரண்டு வரிசையிலும் நின்ற கம்புகளைப் பொறுக்கி வந்தது. மூன்று நாளாக யாரும் பிடுங்காதவை, மொத்தம் பதினேழு. அது ஒவ்வொன்றின் முனையையும் மூக்கருகே வைத்துப் பார்த்தது.

"இது கீரி முறிச்சது, நார் தொங்குது. இது முயல். இது... பல்லால சாய்வா நறுக்கியிருக்கு. இதுவும். இதுவும்தான். இதோ இன்னொண்ணு."

நறுக்கியவை தனியாக அடுக்கப்பட்டன. பதினொன்று.

எல்லோரும் துடுக்கியின் பல்லைப் பார்த்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடி அந்தத் துறையில் யாரும் பார்த்ததில்லை.

பிறகு சொன்னாள்: "ஏன், உலகத்துல வேற அணிலே இல்லையா?"

"இருக்கே!" என்றது கீரி. "திட்டுல. உங்கக்கா. அவ நீந்தி வந்து நட்டுட்டுப் போயிருப்பாளோ?"

முயல்கள் புரண்டு புரண்டு சிரித்தன.

"சிரிக்காதீங்க! இவர் விட்டுட்டுப் போயிடுவாரோன்னுதான் நான் அதிகமா நட்டேன்!"

"நீ வராம போயிடுவியோன்னுதான் நான் அதிகமா நட விட்டேன்!" என்றான் கரியன்.

"நீங்கதான் முதல்ல!"

"நீதான் முதல்ல!"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றது முள்ளம்பன்றி. "யாரு முதல்லன்னு நீங்க கண்டுபிடிக்கிறதுக்குள்ள வெள்ளம் வந்துடும்."

வெள்ளம் என்ற சொல் துடுக்கியைச் சுட்டது. அந்த நாலு குட்டிகளும் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. அவள் கல்லை விட்டு இறங்கினாள். வால் தொங்கிவிட்டது. வாய் மட்டும் தொங்கவில்லை.

"சரி அண்ணே. கம்பு நட்டுட்டு வராம விட்டா யாருக்கும் வலிக்கல. அதான் தப்பு. இனிமே ஒருத்தருக்கு எத்தனை மூட்டையோ அத்தனை கம்பு. மொத்தம் பத்துக்கு மேல ஒண்ணுகூட நீங்க வாங்கக் கூடாது. நான் நட்டுட்டு வரலைன்னா, உங்களுக்கு ஒரு கட்டுப் புல்லு அறுத்துக் கொண்டுவந்து போடுறேன்."

"நீயா? ஒரு கட்டா?" கீரி அவள் உடம்பை ஏற இறங்கப் பார்த்தது. "ஒரு வாரம் ஆகுமே!"

"ஆகட்டும். வலிக்கணும்ல? ஆனா நான் வந்து நீங்க விட்டுட்டுப் போனா, அந்த ஒத்தை மூட்டைக்காக அன்னைக்கே திரும்பப் போகணும். போயிட்டு வர்ற வரைக்கும் சேத்துல புரளக் கூடாது."

கரியனின் கண் கலங்கிவிட்டது. "சேத்துல புரளாமலா?"

"அண்ணே, வலிக்கணும்ல?"

அவன் துறைச் சேற்றை ஏக்கமாக ஒரு முறை பார்த்தான். "சரி," என்றான்.

கம்பைத் துறையில் நட்டால்தானே திருட்டுத்தனம்? அதனால் பத்துக் கம்பையும் முள்ளம்பன்றியின் முதுகில் செருகினார்கள். பத்து ஆனதும் அது முள்ளைச் சிலிர்த்துக்கொள்ளும்; பதினொன்றாவதைச் செருக யாருக்கும் கை துணியாது.

மறுநாள் விடிந்தபோது வானம் இருண்டிருந்தது. தண்ணீர் ஒரு முழம் ஏறி, நிறமும் கலங்கிவிட்டது. துடுக்கியும் மற்ற ஒன்பது பேரும் மூட்டைகளோடு காத்திருந்தார்கள். கரியனைக் காணோம்.

ஆமை தண்ணீருக்குள் இறங்கியது. "பொண்ணு, ஓட்டுல ஓர் இடம் இருக்கு. நாளைக்கு நான் போக மாட்டேன். வர்றியா?"

போகலாம் என்பதற்குத் துடுக்கியிடம் உடனே ஆறு நியாயங்கள் தயாராக இருந்தன. எல்லாமே அருமையானவை. குட்டிகள் பசித்திருக்கின்றன. கரியன் வரவில்லை. வராதவனுக்குக் கொடுத்த வாக்கு வாக்கா? இப்படியே ஆறு. நிற்கலாம் என்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது: வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அரை நொடியில் பிய்த்து எறிந்திருப்பாள். அவ்வளவு பலவீனமான வாதம்.

"நான் வரல. நீங்க வேற யாரையாவது கேளுங்க," என்றாள். சொன்ன குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

ஆமை போய்விட்டது. தூறல் விழுந்தது. தண்ணீர் இன்னும் ஏறியது. கீரி முணுமுணுத்தது: "எருமையாவது வர்றதாவது! படுத்துத் தூங்கும்."

துடுக்கி ஏறும் தண்ணீரைப் பார்த்தாள். பயம் வந்தால் அவளுக்குப் பேச்சு வரும். மனதுக்குள் ஒரு சொற்பொழிவு கட்ட ஆரம்பித்தாள். தன் வாழ்நாளிலேயே அதுதான் சிறந்தது என்று அவளுக்கே பட்டது. 'நம்பிக்கைத் துரோகியே!' என்று ஆரம்பித்தது. நடுவில் ஒரு பழமொழிகூட இருந்தது.

புதரை விலக்கிக்கொண்டு கரியன் வந்தான். மூச்சு வாங்கியது. கால் முழுக்க முள் கீறல்.

"நம்பிக்கைத்..." என்றாள் துடுக்கி.

"ஓடை ரொம்பிடுச்சு. காட்டைச் சுத்தி வந்தேன். சீக்கிரம் ஏத்துங்க!"

துடுக்கி மீதிப் பேச்சை விழுங்கினாள். அது இலந்தைக் கொட்டையைவிடப் பெரிதாக இருந்தது. மெதுவாகத்தான் இறங்கியது.

பத்துக் கம்பு, பத்து மூட்டை. முதுகில் ஓர் இடம் காலியில்லை, கரையில் ஒரு மூட்டை மிச்சமில்லை. கரியன் கொம்பு மட்டும் தெரிய நீந்திப் போனான். அவன் திரும்பி வந்து கரையேறியபோது, அவன் போன தடத்தின் மேலேயே வெள்ளம் ஒரு மரத்தை உருட்டிக்கொண்டு போனது.

"அக்கா வாங்கிக்கிட்டாளா அண்ணே? குட்டிங்க?"

"நாலும் இருக்கு. கொட்டையை மென்னுட்டுத்தான் உங்கக்கா பால் கொடுக்க உட்கார்ந்தா."

துடுக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"சொன்னா. 'சொன்ன நாள்ல மூட்டை வந்திருக்கே, இது என் தங்கச்சி அனுப்பினதுதானா, நல்லாப் பாருங்க'ன்னு மூணு தரம் கேட்டா."

"அதெப்படி அவ அப்படிக் கேக்கலாம்!" துடுக்கி வாலை நிமிர்த்தி, வாயைத் திறந்து, மறுப்புக்கு ஒரு நியாயம் தேடினாள். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

நாம் வராமலும் போகலாம் என்று நினைத்துக்கொண்டே இடம் பிடிக்கிறவர்களுக்கு, இடம் தராமல் போகிறவரைத் தட்டிக்கேட்க வாய் இருக்கும், நியாயம் இருக்காது.