கார்டு சார் காட்டிய விளக்கு

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற திருவேங்கடத்துக்கு இருட்டில் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. கற்றுக்கொடுத்த அஸ்மாவுக்கு அவருடைய மகள் வயதுகூட இருக்காது. ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒவ்வொரு வகுப்பிலும் ஒரே கேள்வி.

“டீச்சர், இருட்டுல எடுக்கறதுக்கு எவ்வளவு வெளிச்சம் வேணும்?”

“சொல்றேன் சார். அவசரம் என்ன?”

அவருக்கு அவசரம்தான். இத்தனை நாளாகியும் உருப்படியாக ஒரு படம் அமையவில்லை. ஒன்று கன்னங்கரேலென்று இருக்கும், இல்லையென்றால் ஆடிப்போயிருக்கும். காட்டச் சொல்லிக் கேட்பதையே மனைவி விட்டுவிட்டாள்.

ஒருநாள் பொழுது சாய்ந்ததும் அஸ்மா அவரைக் கடற்கரைக்கு அழைத்துப்போனாள். வேலி போட்டுக் காத்த ஆமை முட்டைகளில் அந்த வருஷத்தின் கடைசிக் குழி பொரிந்திருந்தது. காவல் காத்தவர்கள் குஞ்சுகளைக் கூடையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மணலில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து அலைவரை அவை தாமாகவே நடந்து போகவேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

“ஃபிளாஷ் கூடாது சார். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம்தான் குஞ்சு போகும்,” என்றாள் அஸ்மா.

“அணைச்சாச்சு டீச்சர்.”

திருவேங்கடம் குஞ்சுகளுக்குப் பின்னால் மணலில் குப்புறப் படுத்தார். கேமராவில் தெரிந்ததெல்லாம் முதுகுகள். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று இருந்தது. பொத்தானைப் பாதி அழுத்தியபடி காத்திருந்தார்.

ஒரு குஞ்சு நின்றது. திரும்பியது. நேராக அவரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

கேமராவில் முகம் தெரிந்தது. சின்ன மூக்கு, மணல் ஒட்டிய கண். இன்னும் ஒரு முழம் வந்தால் போதும்.

“கார்டு சார்,” அஸ்மாவின் குரல் மெதுவாக வந்தது. “இங்கயும் விளக்கு காட்டிட்டீங்களே.”

அப்போதுதான் பார்த்தார். பொத்தானைப் பாதி அழுத்தினாலே, ஃபோகஸ் பிடிக்கக் கேமராவின் முகப்பில் தானாக எரியும் குட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஃபிளாஷை அணைத்தவர் அதை மறந்துபோயிருந்தார். அவருக்குப் பின்னால் நண்டு வளைகள். அதற்கும் பின்னால் தெருநாய்கள்.

விரலை எடுத்தால் படம் போய்விடும். இப்படி ஒரு படம் இனி அமையாது.

விரலை எடுத்தார். விளக்கு அணைந்தது. கேமராவையும் அணைத்துப் பக்கத்தில் வைத்தார்.

குஞ்சு நின்ற இடத்திலேயே நின்றது.

“தூக்கித் திருப்பி விட்டுடவா டீச்சர்?”

“தொடாதீங்க. அதுவா பார்க்கட்டும்.”

வேலைக்காலம் முழுக்கப் பச்சை விளக்கைக் காட்டி ரயிலை அனுப்பியவர். விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருப்பது இதுதான் முதல் தடவை. பயமாக இருந்தது. மெல்ல மெல்லக் கண்ணுக்கு இருட்டு பழகியது. அலையின் நுரை தெரிந்தது. அதற்கு மேல் வானமும் தெரிந்தது.

குஞ்சு கழுத்தை நீட்டிப் பார்த்தது. அரைவட்டம் அடித்துத் திரும்பியது. மற்றவை போன வழியில் விறுவிறுவென்று இறங்கியது. ஓர் அலை வந்து எடுத்துக்கொண்டது.

திருவேங்கடம் மணலிலேயே எழுந்து உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் வந்த நீரைத் துடைக்கவும் இல்லை. கைவிட்டுப் போன படத்தைப் பற்றி அவருக்குத் துளி வருத்தம் இல்லை.

கூடையில் இன்னும் சில குஞ்சுகள் இருந்தன. அஸ்மா கறுப்பு டேப் ஒரு துண்டைக் கிழித்து, கேமராவின் குட்டி விளக்கு மேல் ஒட்டி, அவரிடம் நீட்டினாள்.

“எடுங்க சார்.”

“இந்த வெளிச்சம் போதுமா டீச்சர்?”

“அந்தக் குஞ்சு இந்த வெளிச்சத்துலதானே கடலைக் கண்டுபிடிச்சுப் போச்சு?” என்றாள் அஸ்மா.