பன்றி தோண்டாத ஊற்று

வறண்ட காட்டாற்றின் கரையில் மருதி என்ற மான் தன் சின்னக் குட்டியோடு இருந்தது. கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தருவது கொம்பையா என்ற காட்டுப்பன்றியின் பொறுப்பு. அதற்குக் கூலி, கரையில் விளையும் கிழங்கெல்லாம்.

உடன்படிக்கையைப் பேசி முடித்தது நரி நாட்டாமை. பன்றி தோண்டாவிட்டால் மூன்று முறை அழைக்க வேண்டும். ஒவ்வோர் அழைப்புக்கும் இரண்டு நாள் தவணை. அதற்கும் மசியாவிட்டால் பன்றியை நீக்கலாம். ஆனால் கோடைக்கு ஒரு முறை, தன் சக்திக்கு மீறிய தடை என்று பன்றி சொல்லலாம்; சொன்னால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். நீக்கும்வரை வேறு யாராவது மணலைத் தொட்டால் பன்றி மேல் குற்றமே இல்லை, கிழங்கும் அதற்கே. மருதியும் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தது.

சித்திரையில் கடைசிக் குட்டையும் வற்றியது. பன்றி கிழங்கை மட்டும் தோண்டியது.

அழைப்பைக் கொண்டுபோவது கரிச்சான் குருவி. அனுப்பியவர் குரலிலேயே சொன்னால்தான் அழைப்பு செல்லுபடியாகும். அது மருதியின் குரலில், நடுவில் வந்த இருமலைக்கூட விடாமல், "கொம்பையாண்ணே, குட்டிக்கு நாக்கு வறண்டு போச்சு" என்றது. பதில் இல்லை. இரண்டாம் முறையும் இல்லை.

மூன்றாம் அழைப்புக்கு முந்தின நாள் கரிச்சான் நரிக்கும் மருதிக்கும் முன்னால் பன்றியின் உறுமலோடு வந்து நின்றது.

"ஹ்ர்ம்... அடியில பாறை தட்டுது, நாட்டாமை. நான் என்ன செய்யட்டும்?"

மருதி ஆற்றுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தது. மணலில் ஒரு குளம்புத் தடம்கூட இல்லை.

"பாறையே இல்லீங்க, நாட்டாமை. அவர் தோண்டவே இல்ல."

நரி கொட்டாவி விட்டது. "பாறையை யார் போய்ப் பார்க்கணும்னு நாம பேசலையே, தாயி. சொன்னா ஏத்துக்கணும். ஒண்ணுலேர்ந்து எண்ணு."

அன்று மாலை கரடி வந்தது. குட்டியைப் பார்த்தது. அது படுத்தபடி உலர்ந்த புல்லை நக்கிக்கொண்டிருந்தது.

"நகரு தங்கச்சி. ஒரு முழம் தோண்டினா தண்ணி."

மருதி அதன் முன்னால் போய் நின்றது. "வேணாம் கரடியண்ணே. நீங்க கை வச்சா அவன் தப்பிச்சுக்குவான். அப்புறம் கோடை முழுக்க யாரைப் போய்க் கேக்கறது? ஆறே நாள். சட்டப்படி நீக்கிடுவாங்க."

"குட்டிக்கு ஆறு நாள் இருக்கா?"

மருதி குட்டியைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் வழியை விட்டு நகரவில்லை. கரடி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனது.

மறுநாள் முதல் அழைப்பு போனது. மூன்றாம் நாள் அடுத்தது. நான்காம் நாள் குட்டி எழுந்திருக்கவில்லை. மருதி அதை நக்கி நக்கிப் பார்த்தது. ஐந்தாம் நாள் கடைசி அழைப்பும் போனது.

ஏழாம் நாள் காலையில் கரிச்சான் நரியின் குரலில் காடு முழுக்க அறிவித்தது. "கொம்பையா கடமை தவறியவன். இன்றோடு நீக்கப்பட்டான். இனி யார் வேண்டுமானாலும் தோண்டலாம்."

கரடி நாலு கை மணல் அள்ளியதும் தண்ணீர் கசிந்தது. பாறை எதுவும் தட்டவில்லை. முயலும் காடையும் முண்டியடித்துக்கொண்டு வந்தன.

"குடி தங்கச்சி," என்றது கரடி.

மருதி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு குட்டி கிடந்த புதர்ப் பக்கம் திரும்பி நடந்தது.

தவறியவனுக்குத் தவணையும் விலக்கும் கொடுத்து விதி செய்பவர்கள், அந்தத் தவணை முடியும்வரை தாகத்தோடு இருப்பவனுக்கு யார் தண்ணீர் தருவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.