பூவராகர் வெட்டிய கலிங்கு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் நெடுங்கரை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் காலையில் அவர் வாயில் வந்தது மத்தியானத்துக்குள் சட்டமாகிவிடும். அப்புறம் அதை மாற்றச் சொன்னால் கௌரவக் குறைச்சல்.

அவர் நாட்டில் நாலு வருஷம் மழையே இல்லை. பெரிய ஏரிக்குள் ஆடு மேய்ந்தது. ராஜாவே ஒரு செம்புத் தண்ணீரில் குளித்துவிட்டு, அதையும் வாழைக்குப் பாயும்படி செய்தார். அப்படிக் காய்ந்து கிடந்த ஊரில் ஐந்தாம் வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஜனங்கள் குடம், அண்டா, உரல் என்று கைக்கு வந்ததையெல்லாம் வாசலில் வைத்தார்கள். ராஜா மாடத்தில் நின்று ஆசை தீர நனைந்து, மூன்று நாள் தும்மினார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் வினை வந்தது. சபையில் பூவராகர் என்று ஒரு பிரதானி. யாருக்காவது நல்ல பேர் வந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. பஞ்ச காலத்தில் ஏரியின் கடைசித் தண்ணீரைச் சண்டை சச்சரவில்லாமல் வீட்டுக்கு வீடு பங்கிட்டவன் சடையன். ஏரி மடையைத் திறந்து மூடுவது அவன் வேலை. அந்த வேலை செய்பவரை அங்கே மடையர் என்பார்கள். ராஜா அவனைச் சபையில் புகழ்ந்ததிலிருந்து பூவராகருக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கரையில் ஓர் இடத்தைத் தாழ்வாகக் கட்டியிருப்பார்கள். அதற்குக் கலிங்கு என்று பேர். அந்த வழியாகத் தண்ணீர் வீணாகப் போகிறது, மடையன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறான், அதை மண் போட்டு அடைத்துவிட்டால் அத்தனையும் நமக்கே என்று பூவராகர் ராஜாவின் காதில் ஓதினார். நாலு வருஷத் தாகம் ராஜாவுக்கு. உடனே தண்டோரா போட்டார்கள்: இனி ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியே போகக் கூடாது, போனால் மடையன் தலை போகும்.

ஒரு வாரம் ஊரே பூவராகரைக் கொண்டாடியது. பிறகு புயல் வந்தது. தென்னைகள் முறிந்தன, கூரைகள் பறந்தன, மழை விடவே இல்லை. சடையன் கரைமேல் நடந்து பார்த்தான். தண்ணீர் கரையின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. மறுபக்கம் இறங்கிப் பார்த்தபோதுதான் ஆபத்து தெரிந்தது. கரையின் அடியில் கசிவு. அதுவும் தெளிவாக இல்லை, கலங்கலாக வந்தது. உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். கரைக்குக் கீழே முந்நூறு வீடுகள். அதில் ஒன்றில் அவன் பெண்டாட்டி கைக்குழந்தைக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாள். கலிங்கைத் திறந்தால் தலை போகும், திறக்காவிட்டால் ஊர் போகும்.

அரண்மனைக்கு ஓடினான். சொன்னதைப் பாதி கேட்பதற்குள்ளேயே பூவராகர் சிரித்தார். "மடையன் பின்னே எப்படிப் பேசுவான்?" என்றார். சபையும் சிரித்தது. ராஜாவுக்குக் கொஞ்சம் கலக்கம்தான். ஆனாலும் தண்டோரா போட்டதை எப்படி விழுங்குவது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கு ஏரி நிறைந்ததற்கான விருந்து. அந்த விருந்தில் மடையர்தான் முதலில் பரிமாற வேண்டும். வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற கை இலைக்கும் பங்கிட்டால் வருஷம் நிறைவாக இருக்கும் என்று அந்த நாட்டில் ஒரு நம்பிக்கை. சடையன் ஈரத் துணியைப் பிழிந்து கட்டிக்கொண்டு ரச வாளியைத் தூக்கினான்.

ராஜாவுக்கு ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் பக்கத்து இலைக்குப் போனான். பூவராகர் ரசப்பிரியர். சோற்றைச் சுற்றிலும் அணைத்து நடுவில் குழி பறித்துக் காத்திருந்தார். ஒரு கரண்டி விழுந்தது. இரண்டு, மூன்று விழுந்தன. பூவராகர் கையை நீட்டிப் போதும் என்றார். சடையன் காதில் வாங்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தான். சோற்றுக் கரை ஊறி நெகிழ்ந்தது. கீழே மடியில் புதுப் பட்டு. அவ்வளவுதான், பூவராகரின் சுண்டுவிரல் தானாகப் போய்ச் சோற்றில் ஒரு வாய்க்கால் கீறியது. ரசம் சமர்த்தாக ஓடி, மோருக்கென்று ஒதுக்கி வைத்திருந்த அடுத்த குவியலில் சேர்ந்தது.

சடையன் வாளியைக் கீழே வைத்தான். "மகாராசா, பிரதானி ஐயா கலிங்கை வெட்டிட்டாரு" என்றான்.

பந்தி அப்படியே நின்றது. ராஜா எட்டிப் பார்த்தார். இலையில் இருந்தது அவர் ஏரியேதான்.

"கரை உடைஞ்சு என் பட்டு பாழாகட்டும்னு விடச் சொல்றியா?" என்று பூவராகர் சீறினார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

ராஜா மெல்லக் கேட்டார்: "சடையா, ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாதுன்னு ஊரறியச் சொல்லிட்டேனே. அந்த வாக்கு?"

"ரசம் எங்க வெளியே போச்சு, மகாராசா? அடுத்த சோத்துக்குத்தானே போச்சு. நம்ம பெரிய ஏரிக்குக் கீழே இன்னும் பதினொரு ஏரி அரைவயித்தோட கிடக்கு. அத்தனையும் உங்களுதுதான். நாடு முழுக்க ஒரே இலைங்க. சீக்கிரம் சொல்லுங்க, கசிவு கலங்கலா வருது."

ராஜா கை கழுவக்கூட இல்லை. கொட்டும் மழையில் கரைக்கு ஓடி, முதல் மண்வெட்டி மண்ணைத் தானே அள்ளி எறிந்தார். கலிங்கு திறந்ததும் தண்ணீர் பாய்ந்து முதல் ஏரிக்குள் இறங்கியது. சாயங்காலத்துக்குள் பெரிய ஏரி ஒரு முழம் தணிந்தது. கசிவில் கலங்கல் நின்றது. சடையன் கரையிலேயே உட்கார்ந்து அழுதான். புயல் ஓய்வதற்குள் பதினொரு ஏரியும் நிறைந்துவிட்டன. பிறகு நாலு வருஷமாக நாற்றையே பார்க்காத ஊர்களிலும் நடவு தொடங்கியது.

ராஜா சடையனை நாட்டின் ஏரிகளுக்கெல்லாம் அதிகாரியாக்கிச் சபையில் தன் அருகே உட்கார வைத்தார். பிறகு பூவராகர் பக்கம் திரும்பினார்.

"பூவராகரே, கலிங்கை முதலில் வெட்டியவர் நீர்தான். மழைக்காலம் முடிகிற வரைக்கும் மண்வெட்டியோடு கரையில் இரும். சடையன் சொன்னால் திறவும், சொன்னால் மூடும். இன்று முதல் நீர் மடையர்" என்றார்.

ராஜா கொடுத்தது பதவியா வசவா என்று பூவராகருக்குக் கடைசி வரை விளங்கவில்லை.